அந்தச் சரிவில் நான் சொல்லாத ‘ஏலாது’

எப்போதும் எனக்கு முன்னால் நடந்த என் அபி அக்காவுக்கு,

உங்களுடைய இரண்டாவது ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. அதற்கென்று ஒரு நினைவஞ்சலி எழுதித் தரச் சொல்லி அம்மா கேட்டிருந்தார். “முந்திக் கல்வெட்டிலை எழுதினியே பிள்ளை, அது போலை ஒரு அரைப்பக்கம் காணும்” என்றார். அந்த அரைப்பக்கம் எனக்கு வரவில்லை. வந்தது இதுதான்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அட்டையில் உங்கள் கலியாணப் படம். உள்ளே என்னுடைய பக்கத்தில், “மலைத்தாய் உங்களை மடியில் அணைத்துக்கொண்டாள், விதி எங்களை வென்றது” என்று எழுதியிருந்தேன். வந்தவர்கள் வாசித்துவிட்டு அழுதார்கள். சித்தி அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டார். நீங்கள் வாசித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

இப்போது நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. மலை தாயும் இல்லை, அதற்கு மடியும் இல்லை. அது வடக்குப் பார்த்த, முப்பத்தைந்து பாகை சாய்ந்த ஒரு சரிவு. அதன் மேல் காற்று கொண்டுவந்து குவித்த பனிப்பாளம். அதற்கு அடியில் சீனி போல உதிர்ந்த பழைய பனி. விதி என்று எழுதியது நான் சொன்ன பொய். அதைத் திருப்பி எடுக்கத்தான் எல்லாரும் பார்க்க இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

செத்த வீட்டில் இரண்டு விதமான ஆறுதல் கிடைத்தது. இரண்டும் எனக்கு வேண்டாததாக இருந்தது. எங்கள் ஆட்கள், “எங்கடை பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பனிமலையிலை என்ன வேலை?” என்று மூலையில் நின்று கதைத்தார்கள். என் காதில் விழட்டும் என்றே கதைத்தார்கள். அம்மாவும் அப்பாவும் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அகதி மனுக் கொடுத்து, ஏதோ ஓர் அலுவலகம் கைகாட்டிய இடத்துக்கு வந்தார்கள். கைகாட்டிய இடம் இந்த அல்கோய் மலையடிவாரம். நீங்களும் நானும் பிறந்த ஆஸ்பத்திரியின் யன்னலில் தெரிவது மலைதான். கடலோரத்தில் பிறந்த பிள்ளை கடலில் இறங்கினால் யாராவது என்ன வேலை என்று கேட்பார்களா?

ஜேர்மன்காரர் வேறு விதம். “தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போய்விட்டாள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். உங்களுக்குச் சாகப் பிடிக்காது அக்கா. உங்களுக்குப் பிடித்தது மேலே ஏறி நின்று தேத்தண்ணீர் குடிப்பது, கீழே வந்து சூடாக எதையாவது தின்பது, பிறகு திங்கட்கிழமை பல் வைத்தியரின் கிளினிக்கில் நின்று முழங்கால் நோகுது என்று எல்லாருக்கும் சொல்லித் திரிவது. அதற்கெல்லாம் உயிரோடு இருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இதுவரை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நமக்கு வருசத்தில் எத்தனை சனிக்கிழமை மிஞ்சியது, சொல்லுங்கள்? கலியாணம், பிறந்தநாள், தமிழ்ப்பள்ளி விழா என்று ஒவ்வொன்றும் போய்விடும். அன்றைக்குக்கூடச் சித்தியின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. அழைப்பு அட்டையில் பின்னேரம் நாலு மணி என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. “விடியவே போனால் ஒரு மணிக்குக் கீழை வந்திடலாம். குளிச்சுச் சீலை கட்ட ரெண்டு மணித்தியாலம் காணும்” என்றீர்கள். அம்மாவிடம், “நடக்கப் போறம்” என்றோம். ஸ்கீயின் அடியில் வழுக்காமலிருக்கத் தோல்பட்டையை ஒட்டிக்கொண்டு மேலே ஏறுவதும் நடைதானே என்பது உங்கள் வாதம். அம்மா நம்பி, மட்டன் ரோல்ஸ் சுற்றித் தந்தார்.

காலையில் பனிச்சரிவு அறிக்கையை நீங்கள்தான் காரில் வாசித்தீர்கள். ஐந்து அபாய நிலைகளில் மூன்றாம் நிலை. மார்கழி முழுக்கக் குளிரும் வெயிலுமாக இருந்ததில் பழைய பனி சீனியாகிப் போயிருந்தது. அதற்கு மேல் புதுப்பனி விழுந்து மூன்று நாள் காற்று அடித்திருந்தது. “காட்டுப் பாதையாலை ஏறி, வந்த வழியாலையே இறங்குவம்” என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படித்தான் ஏறினோம். அதுவரைக்கும் ஒரு பிழையும் இல்லை.

மேலே போய்ச் சேர நேரம் பிந்திவிட்டது. பனி ஆழம், ஒவ்வொரு அடியும் புதுப்பாதை. அங்கிருந்து வந்த வழியே இறங்கினால் சாய்வு குறைந்த காடு, நீட்டு வளைவு, ஒன்றரை மணித்தியாலம். மற்றப் பக்கத்துச் சரிவால் இறங்கினால் இருபது நிமிடம். நீங்கள் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு அந்தச் சரிவைப் பார்த்தீர்கள். நான் உங்களுக்குத் தெரியாமல் இல்லை, உங்கள் கண் முன்னால்தான், பனி அள்ளும் சவளை எடுத்து விளிம்பில் ஒரு குழி தோண்டினேன்.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்த சோதனை அது. பனியில் ஒரு தூணைப் பிரித்து வெட்டி, அதன் மேல் சவளை வைத்துத் தட்டுவது. முதலில் மணிக்கட்டால் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, பிறகு தோளிலிருந்து. முழங்கைத் தட்டு மூன்றாவதிலேயே மேல் பாளம் முழுசாக வழுகி என் மடியில் வந்து விழுந்தது. மேசை லாச்சியை இழுத்தது போல அவ்வளவு சுத்தமாக வந்தது. அடியில் சீனி. கையில் அள்ளினால் விரலுக்குள்ளால் ஓடியது.

அந்த நேரம் பார்த்து உங்கள் போன் அடித்தது. அம்மா. அது அன்றைக்கு நாலாவது தடவை. “எங்கை பிள்ளையள் நிக்கிறியள்? வெளிக்கிட்டிட்டியளோ? லேட்டாப் போனால் சித்தி கோவிக்கப் போறா.” நீங்கள், “ஓம் அம்மா, இந்தா வாறம்” என்று வைத்துவிட்டு ஸ்கீயைப் பூட்டத் தொடங்கினீர்கள்.

நான், “அக்கா, இது நல்லா இல்லைப் போலை கிடக்கு” என்றேன்.

“அது விளிம்பிலை அப்பிடித்தான் இருக்கும் சிந்து. நடுவிலை நல்லா இறுகியிருக்கும். நான் முதல் போறன், நீ பாத்து வா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

நம்முடைய பனிச்சரிவு வகுப்பில் பாடம் எடுத்த அந்த உயரமான பெண் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். குழுவில் யார் வேண்டாம் என்று சொன்னாலும் எல்லாரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. ஜேர்மன் சினேகிதர்களோடு போகும்போது நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். வயசில் பெரியவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் கோபித்ததில்லை. உங்களுக்கு மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் அக்கா. சின்ன வயசிலிருந்து நீங்கள் ‘வா’ என்றால் வருவேன், ‘இரு’ என்றால் இருப்பேன். என் படிப்பு, முதல் வேலை, தலைமயிர் வெட்டு வரைக்கும் உங்கள் சொல்தான். மலை விசயத்தில் எப்படித் தட்டுவது?

நீங்கள் இறங்கிப் போன மூன்றாவது வளைவில் பாளம் உடைந்தது. சத்தம் பெரிதாக இல்லை. உங்களுக்கு மேலே ஒரு கோடு ஓடியது, பிறகு சரிவு முழுக்க நகர்ந்தது. இரண்டு பேரும் உடம்பில் கட்டியிருந்த தேடு கருவியில் உங்களை நான் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்ல வேண்டும், நீங்கள் பழக்கியது வீண்போகவில்லை. ஆனால் விழுந்த பனி கொங்கிரீட் போல இறுகிவிடும், ஒரு ஆள் தனியே தோண்டி முடிக்க ஏலாது. இரண்டு பேர் மட்டும் போனால் இதுதான் நடக்கும் என்றும் வகுப்பில் சொன்னார்கள்தானே. தோண்டினேன். உங்கள் முகத்துக்கு வந்து சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. ஹெலிகொப்டரிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்கள் பின்னேரம் வரைக்கும் விடாமல் பார்த்தார்கள்.

பொலிஸுக்குக் குழியைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை. “எதிர்பாராமல் வந்தது” என்று சொன்னேன், எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விதி என்ற சொல் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அம்மாவின் போன், சித்தியின் அட்டை, உங்கள் அவசரம், என் வாய் எல்லாவற்றையும் அது ஒரே போர்வையில் மூடிவிட்டது. நானும் அதற்குள் இரண்டு வருசம் படுத்துக் கிடந்தேன்.

இனி அத்தானைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மனுசன் நீங்கள் இருக்கும்வரை ஒரு மேட்டில்கூட ஏறியதில்லை. இப்போது பனிச்சப்பாத்துக் கட்டி நடக்கப் பழகிவிட்டார். விழுந்து எழும்பி, மூக்கால் ஒழுக ஒழுக, என்னோடு சின்னக் காட்டுப் பாதைகளில் வருவார். எல்லாம் ஒரே ஒரு காரணத்துக்காக. நான் உங்களைத் தோண்டி எடுத்த இடத்துக்கு ஒரு திவசத்திலாவது போய் ஒரு பூ வைக்க வேண்டும். இந்த வருசம் போவோம் என்று நானும் சொல்லியிருந்தேன்.

திதி போன கிழமை வந்தது. திதிக்கு முதல் மூன்று நாளும் பனியும் காற்றும். அறிக்கையில் மூன்றாம் நிலை, வடக்குச் சரிவு, பழைய பனியில் பலவீனமான படை. உங்களுடைய சனிக்கிழமை அறிக்கையை யாரோ திரும்ப எடுத்துப் போட்டது போல இருந்தது. “அத்தான், அடுத்த மாதம் பாப்பமே?” என்று போனில் கேட்டேன். “திதி இண்டைக்குத்தான் சிந்து. அடுத்த மாதம் போறதுக்குப் பேர் திவசமோ? காட்டு வரைக்கும் போய்ப் பாப்பம்” என்றார். காட்டு வரைக்கும் பிழையில்லை. போனோம்.

காடு முடிந்து வெளி திறக்கிற இடத்தில், மட்டமான நிலத்தில், எங்கள் காலுக்கடியில் பனி ‘வூம்’ என்று ஒரு தரம் கீழிறங்கியது. உள்ளே படை நொறுங்கினால் வருகிற சத்தம். அதைக் கேட்ட பிறகு அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. உங்களுடைய இடம் எங்களுக்கு எதிரே தெரிந்தது. போனால் கால்மணித்தியாலம்கூட இல்லை. அதற்கு மேலே அந்தச் சரிவு, வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல்.

அத்தானின் கையில் வெள்ளைச் செவ்வந்தி. முதுகுப் பையில் கற்பூரமும் அம்மா தந்த ரோல்ஸும்.

“நாங்கள் சரிவிலை ஏறேல்லையே. கீழை நிண்டு வைச்சிட்டு வாறதுதானே” என்றார்.

“கீழை நிண்டாலும் அதுதான் அத்தான். நாங்கள் நடக்கிறதே மேலை உடைக்கும்.”

“ரெண்டு வருசம் இதுக்காகப் பழகினனான்.”

“தெரியும் அத்தான்.”

“இண்டைக்கு அவளின்ரை திதி.”

“அக்காவுக்குத் திதி தெரியாது. அறிக்கை வாசிக்கத் தெரியும். ஏலாது, அத்தான்.”

சொல்லிவிட்டேன். என்னிலும் பதினொரு வயசு மூத்தவர், மனைவியைப் பறிகொடுத்தவர், கையில் பூவோடு நிற்கிறார். அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் என்னை விலத்திக்கொண்டு இரண்டு அடி வைத்தார். நான் முன்னால் போய்க் குறுக்கே நின்றேன்.

“எங்கடை விதி அண்டைக்கே வந்து போட்டுது. இனி என்ன வரக் கிடக்கு?” என்று கத்தினார்.

“விதி இல்லை அத்தான். நான் அண்டைக்குக் குழி தோண்டிப் பாத்தனான். உடையும் எண்டு எனக்குத் தெரியும். அக்காவும் பாத்தவ. நேரம் போட்டுது எண்டு இறங்கினவ. நான் மறிக்கேல்லை.”

அவர் பூவை மற்றக் கைக்கு மாற்றினார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, “உப்பிடி அண்டைக்கும் குறுக்காலை நிண்டிருக்கலாமே” என்றார்.

“ஓம்” என்றேன்.

பூவைக் காட்டுக்குள் ஒரு மரத்தின் அடியில் வைத்தோம். கற்பூரம் காற்றில் பிடிக்கவில்லை, நாலு குச்சி வீணாய்ப் போனது. உங்கள் பங்கு ரோல்ஸை மரத்தடியில் வைத்தார்.

அவருக்குச் சொல்லிவிட்டு அம்மாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்று பின்னேரமே குசினியில் வைத்துச் சொன்னேன். குழியையும், லாச்சி போல வந்த பாளத்தையும், அந்த நாலாவது போனையும். போனைச் சொல்லத்தான் இரண்டு வருசம் பயந்தேன், அம்மா அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வார் என்று. அம்மா திவசத்துப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“ஏன் பிள்ளை அவளை மறிக்கேல்லை?”

“அக்கா எல்லே, அம்மா.”

“அக்கா சொன்னாக் கேக்க வேணும் எண்டு நான்தானே சொல்லி வளத்தனான்.”

“அதையும் நீங்கள் எடுக்காதையுங்கோ. வாய் என்னுடையது.”

அம்மா தண்ணீரை நிறுத்தினார். கையைத் துடைத்தார். “நீ ஆஸ்பத்திரியிலையிருந்து கோல் எடுக்கேக்கை ஆறரை மணி” என்றார். “நான் மண்டபத்திலை முன் கதிரையிலை இருக்கிறன். நாலு மணி எண்டு போட்டவை. ஆறரைக்கும் அந்தப் பிள்ளை மேக்கப்பிலைதான் இருந்தது. மண்டபத்திலை பாதிக் கதிரை காலி.”

இதை அம்மா இரண்டு வருசமாகத் தனியே வைத்திருந்திருக்கிறார், அக்கா. நாலு மணிக்கு வாருங்கள் என்று உங்களை அவசரப்படுத்திய விழா ஆறரைக்கும் தொடங்கவில்லை. நாம் காட்டு வழியால் இறங்கி, ஆறுதலாகக் குளித்து, சீலையை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டிப் போயிருந்தாலும் முதல் வரிசையில் இடம் இருந்திருக்கும். நம்மாட்களின் நாலு மணி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? மலையில் நின்றபோது மட்டும் ஏன் அதை ஜேர்மன் ரயில் நேரம் போல நம்பினோம்?

எனக்கு உங்களில் கோபம் அக்கா. இதையும் எழுதத்தான் வேண்டும். கல்வெட்டில் யாரும் எழுதாதது இது. உங்களுக்கு எல்லாம் தெரியும், என் மடியில் விழுந்த பாளத்தையும் பார்த்தீர்கள், பார்த்துவிட்டும் பூட்டினீர்கள். உங்களைத் தெய்வமாக்கி மாலை போட நான் தயாரில்லை. நீங்கள் பிழை விட்டீர்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் பிழை விட்ட அக்கா தங்கையாக இருப்போம். அதுதான் எனக்குப் பரவாயில்லை.

அந்தச் சரிவு திதியன்று உடையவில்லை. அடுத்த நாளும் உடையவில்லை. எதிர்மலையில் இருக்கிற கமெராவை அத்தான் ஒவ்வொரு நாளும் போனில் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் எடுத்தார். “பார் சிந்து, விழேல்லை. போயிருக்கலாம்.”

“விழாட்டிலும் நான் சொன்னது சரி அத்தான்” என்றேன். “ஓம்” என்றார். “நீ குறுக்காலை நிண்டது... சரி, விடு. அடுத்த மாதம் எப்ப எண்டு சொல்லு.” திரும்பி வந்தவனுக்கு நீ செய்தது சரி என்று மலை ஒரு நாளும் கடிதம் எழுதித் தராது. எனக்கு அந்தக் கடிதம் தேவையும் இல்லை.

அம்மாவும் மாறிவிட்டார், சிரிக்காதீர்கள். விடியத் தேத்தண்ணீரோடு ராசிபலன் பார்க்கிற அதே போனில் இப்போது பனிச்சரிவு அறிக்கையும் பார்க்கிறார். “போகாதை எண்டால் நீ கேக்கப் போறேல்லை. நடக்கப் போறன் எண்டு மட்டும் இனிப் பொய் சொல்லாதை. எந்த மலை, எத்தினையாம் நம்பர் எண்டு சொல்லிப்போட்டுப் போ” என்றார். நேற்று நான் வேலைக்கு வெளிக்கிடும்போது பின்னாலிருந்து, “இண்டைக்கு ரெண்டாம் நம்பர், பிள்ளை” என்றார். நான் போனது பஸ்ஸில், கெம்ப்டன் நகரத்துக்கு. இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

இதை வாசிக்கிறவர்களில் சித்தியும் இருப்பார். சித்தி, உங்களில் பிழையில்லை, உங்கள் மகளில் ஒரு துளியும் பிழையில்லை. ஆனால் இனி விதி என்று என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம். பனிமலையில் எங்களுக்கு என்ன வேலை என்றும் கேட்க வேண்டாம். நான் போவேன். அறிக்கை வாசித்து, குழி தோண்டி, தட்டிப் பார்த்துப் போவேன். மண்டபத்துக்குப் பிந்தி வருவேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. பனி இறுகி, முதலாம் நிலை வந்து, காலைக் குளிரில் தரை கல்லாக நிற்கிற ஒரு நாளில் அத்தானை அந்த இடத்துக்குக் கூட்டி வருவேன். அது திதியாக இருக்காது. வழியில் அவர் வேண்டாம் என்றால் திரும்புவோம், நான் வேண்டாம் என்றால் திரும்புவோம். வந்து சேர்ந்தால் பூ வைப்போம், ரோல்ஸ் தின்போம். அங்கே நின்று நீங்களே என்னைப் பார்த்து, “வா சிந்து, ஒண்டும் நடக்காது” என்று கூப்பிட்டாலும் சரி, பனி நல்லாயில்லை என்றால் உங்களுக்கும் அதே பதில்தான்.

ஏலாது, அக்கா.

உங்கள் சொல்லைத் தட்டப் பழகிவிட்ட தங்கை,
சிந்துஜா